றெசினுக்குள் குறளன்

என்னிடம் தமிழ் படித்த மாணவர் ஒருவர் இப்போது ஃபைபர் வோட்டுகள் பழுதுபார்க்கிறார். சென்ற மாதம் இரண்டு பொலித்தீன் பைகளோடு வீட்டுக்கு வந்தார். ஒன்றில் வெள்ளைத் தூள், மற்றதில் கறுப்புத் தூள்.

“சேர், இந்தக் கறுப்பு நனோவாம். எபொக்சியில கலந்தா வோட்டு இரும்பு மாதிரி நிக்குமாம். மெய்தானா?”

தமிழ் வாத்தியாரிடம் கேட்கிற கேள்வியா இது? ஆனாலும் தேடிப் படித்தேன்.

‘நனோ’ என்பது குள்ளனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. பழந்தமிழில் அவனுக்குக் ‘குறள்’ என்று பெயர். ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சமாகப் பகுத்தால் அதில் ஒரு பங்கு ஒரு நனோமீற்றர்.

ஃபைபர் வேலையில் பாரத்தைத் தாங்குவது இழை. இழைகளைச் சேர்த்துப் பிடிப்பது றெசின். இறுகிய எபொக்சி வலியதுதான். ஆனால் ஒரு வெடிப்புத் தொடங்கிவிட்டால் கண்ணாடியில் போல ஓடிவிடும். அடிபட்ட இடத்தில் படைகள் ஒன்றைவிட்டு ஒன்று கழல்வது இதனால்தான். றெசினுக்குள் நனோத் துணிக்கைகள் பரவிக் கிடந்தால் வெடிப்பு வளைந்து போக வேண்டும். துணிக்கையை விட்டு றெசின் விலகி, அவ்விடத்தில் சிறு வெற்றிடம் விரியும். ஒவ்வொன்றுக்கும் சக்தி செலவாவதால் வெடிப்பு களைத்துப்போகும். கண்ணாடி இழையே 10 முதல் 20 மைக்ரோமீற்றர் தடிப்புத்தான். அவற்றின் இடுக்குகளுக்குள் சாதாரணத் தூள் நுழையாது, குறளன் நுழைவான்.

‘பரவிக் கிடந்தால்’ என்றேனே, சிக்கல் முழுவதும் அந்தச் சொல்லில்தான். வெள்ளைத் தூள் வகையில் ஒரு கிராமின் மேற்பரப்பு ஏறக்குறைய 200 சதுர மீற்றர். எங்கள் வகுப்பறைகள் நான்கின் தரை. இவ்வளவு பரப்புள்ள துணிக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளவே பார்க்கும். களி கிண்டும்போது மாவு கட்டி தட்டுகிறதல்லவா, அதே கதை. உடையாத கட்டி வெடிப்பைத் தடுக்காது, தானே வெடிப்பின் தொடக்கமாகிவிடும். அதனால்தான் காபன் நனோக்குழாய்களைப் பெரும்பாலும் நூற்றுக்கு ஒரு பங்குக்கும் குறைவாகவே சேர்க்கிறார்கள்; அதையும் மூன்று உருளைகளுக்கிடையே அரைத்துக் கலக்கிறார்கள். வாளியும் தடியும் போதாது.

தூள் கூடினால் றெசின் தடித்து, இழைகளை நனைக்காமல் காற்றை உள்ளே விட்டுவிடும். மூடிய அச்சுக்குள் றெசினைச் செலுத்தும் முறையில் இன்னொரு வில்லங்கம்: தேங்காய்ப்பால் வடிக்கும் துணிபோல இழைத்துணியே கட்டிகளை வடித்துவிடும். றெசின் நுழையும் பக்கத்தில் தூள் தேங்க, மறுபக்கத்துக்கு வெறும் றெசின்தான் போய்ச் சேரும்.

வெள்ளைப் பையைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது.

“மகன், நீங்க இவ்வளவு காலமும் நனோதான் பாவிச்சிருக்கீங்க.”

அது தீச்சுவாலையில் உருவாக்கப்படும் சிலிக்கா. துணிக்கைகள் சங்கிலியாகக் கோத்திருப்பதால் றெசினைக் களிபோல் ஆக்கும். செங்குத்தான பக்கத்தில் பூசினாலும் வழியாது, ஓட்டை அடைக்க நல்லது. பாயை நனைக்கும் றெசினுக்கு அது ஆகாது. அதே சிலிக்காவைத் திரவத்திலேயே 20 நனோமீற்றர் அளவுள்ள தனித்தனி உருண்டைகளாக வளர்த்து, எபொக்சியில் கலந்தே விற்கிறார்கள். அது றெசினை அதிகம் தடிக்கவைக்காது. எபொக்சியை முறியாமல் தாங்கவைக்கவும் செய்யும். பொருள் ஒன்று, வடிவம் வேறு, வேலையும் வேறு.

கறுப்புப் பைதான் கவலை தந்தது. லேபிள் இல்லை. வெறும் புகைக்கரியாகவும் இருக்கலாம், காபன் நனோக்குழாயாகவும் இருக்கலாம். நனோக்குழாய்களில் ஒருவகையைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற பட்டியலில் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2014இல் சேர்த்தது. நீண்டு விறைத்த சில குழாய்கள் எலிகளின் உடலில் அஸ்பெஸ்டஸ் போல நடந்துகொண்டதையும் ஆய்வுகள் காட்டியுள்ளன. இறுகிய றெசினுக்குள் இருக்கும்வரை ஆபத்துக் குறைவு. கொட்டும்போதும் கிரைண்டர் பிடிக்கும்போதும் பறக்கும் தூள்தான் ஆபத்து.

“மூக்குக்கு என்ன கட்டுறீங்க?” என்று கேட்டேன்.

“சாரன் துண்டு, சேர்.”

துணி இந்தத் தூளை மறிக்காது, வடிகட்டியுள்ள முகமூடி வேண்டும் என்றேன். விற்றவரிடம் தரவுத்தாள் கேட்கும்வரை கறுப்புப் பையைத் திறப்பதில்லை என்று சொல்லி, இன்னொரு பையால் சுற்றிக் கட்டி எடுத்துப்போனார்.