எதிர்ப்பொருள் பிறப்பது எப்படி?

2019ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், ஜொகூர் மாநிலத்துப் பாசிர் கூடாங் வட்டாரத்தில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று தொண்டை அடைப்பான் நோய்க்குப் பலியாயிற்று. அது தடுப்பூசி பெறாத குழந்தை. தடுப்பூசி உடலுக்குள் செய்யும் பணி யாது? அதனை அறிந்தால், அக்குழந்தைக்கு இல்லாமற்போன காவல் எதுவென்பது விளங்கும்.

தொண்டை அடைப்பானில் உயிரைக் குடிப்பது பெரும்பாலும் கிருமி கக்கும் நஞ்சே. அது இரத்தத்திற் கலந்து இதயத்தையும் நரம்புகளையும் தாக்கும். அந்நஞ்சைப் பற்றிப் பிடித்துச் செயலறச் செய்யும் புரதமே எதிர்ப்பொருள். அதனை ஆக்குபவை 'பி' உயிரணுக்கள்.

தடுப்பூசியில் இருப்பது கொடுமை நீக்கப்பட்ட அதே நஞ்சு. அதற்குப் பொருந்தும் பி உயிரணு, அதனை உள்ளிழுத்துத் துண்டாக்கி, ஒரு துண்டைத் தன் மேற்பரப்பில் ஏந்திக் காட்டும். ஆயினும் அவ்வளவில் வேலை முடிவதில்லை. கூட்டுறவுச் சங்கக் காசோலைக்கு ஒருவர் கையொப்பம் போதாது அன்றோ? இங்கும் அப்படியே. இரண்டாம் கையொப்பம் இடுவது உதவி 'டி' உயிரணு.

கிளைத்த உருவுடைய வேறோர் உயிரணு, ஊசி போட்ட இடத்திலிருந்து நஞ்சின் துண்டை நிணநீர்க் கணுவுக்குச் சுமந்து சென்று, டி உயிரணுவை முன்னரே விழிப்பூட்டும். விழித்த டி உயிரணு, பி உயிரணு ஏந்தி நிற்பதும் அதே துண்டுதான் என்று கண்டதும், தன் மேலுள்ள புரதம் ஒன்றை அதன் மேலுள்ள புரதத்தோடு பிணைக்கும்; இன்டர்லியூக்கின் எனும் வேதித் தூதுகளையும் விடுக்கும். உடனே பி உயிரணு பெருகும். அவற்றுட் சில நொடிக்கு ஆயிரக்கணக்கான எதிர்ப்பொருள்களைச் சுரக்கும். சில நினைவணுக்களாகிப் பல்லாண்டு காத்திருக்கும்.

இரு கையொப்பம் எதற்கு? தவறிப் பிறந்த பி உயிரணு சொந்த உடலையே பகையாகக் கருதிவிடலாம். டி உயிரணுவின் இசைவு அத்தவற்றைத் தடுக்கிறது.

இவ்விரண்டின் கூட்டுறவை 1968ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய நாட்டு மெல்பர்ன் நகரில் மில்லர், மிட்சல் என்னும் அறிஞர் இருவர் எலிகளைக் கொண்டு தெளிவாக்கினர். டி உயிரணுவின் பிணைப்புப் புரதம் பிறவியிலேயே பழுதுற்ற சிறுவர் சிலர் இருப்பது 1993இல் கண்டறியப்பட்டது. அவர்களுக்குப் பி உயிரணுக்கள் குறைவின்றி இருந்தும், முதல்நிலை எதிர்ப்பொருளே உண்டாயிற்று; முதிர்ந்த வகைகள் உண்டாகவில்லை. அடிக்கடி கொடிய தொற்றுக்கு ஆளாயினர். படை இருந்தும் ஆணை வராத நிலை அது.

மலேசியாவில் இந்நோய்க்கான ஊசி 2, 3, 5, 18ஆம் மாதங்களிலும், பின் 7 வயதிலும் போடப்படுகிறது. ஒவ்வோர் ஊசியும் நினைவணுக்களை மீண்டும் எழுப்பி, எதிர்ப்பொருளை முன்னிலும் வலிமையாக்குகிறது. 'ஒன்று போட்டாயிற்றே, போதாதா?' என்பார்க்கு இதுவே விடை.

முதலாம் ஆண்டு மாணவர் வீட்டுக்குக் கொண்டு செல்லும் இசைவுப் படிவம் வெறுந்தாள் அன்று. உடலுக்குள் இடப்படும் இரு கையொப்பங்களுக்கும் முன்னே வேண்டுவது பெற்றோரின் கையொப்பம். அதன் பொருளை அவர்களுக்கு எடுத்துரைத்தல் ஆசிரியர் கடன்.