எச்சரிக்கை புரிந்தால்தான் உயிர் தப்பும்

2018 ஆகஸ்டில் காவிரியும் கொள்ளிடமும் கரைதொட்டு ஓடின. கொள்ளிடத்தின் பழைய பாலம் ஒரு பகுதி சரிந்தது. 22-ஆம் நாள் இரவு முக்கொம்பு மேலணையின் ஒன்பது மதகுகள் உடைந்தன. இரு ஆறுகளுக்கு நடுவே தீவாக அமைந்த திருவரங்கத்தின் முதியோருக்கு வெள்ளம் புதிதன்று. எத்தெருவில் முதலில் நீர் ஏறும், எவ்வழியே மேட்டுக்குச் செல்வது என்பதை அவர்கள் அறிவர். புதிதாகக் குடிவந்தவர் அறியார். தமிழ் தெரியாதவர் எச்சரிக்கையையும் அறியார்.

1995 ஜனவரி 17 அன்று ஜப்பானின் கோபே நகரை நிலநடுக்கம் தாக்கி 6,400-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அங்கு வாழ்ந்த வெளிநாட்டினர் பலருக்கு ஜப்பானிய அறிவிப்பும் விளங்கவில்லை; ஆங்கில அறிவிப்பும் விளங்கவில்லை. அதன் பின்னரே ‘எளிய ஜப்பானியம்’ என்னும் முறை உருவாயிற்று. அன்றாடச் சொற்கள், குறுந்தொடர்கள், ஒரு தொடரில் ஒரே செய்தி என்பவை அதன் நெறிகள். இன்று அந்நாட்டு நகரங்கள் பலவற்றில் வெளிநாட்டினருக்கும் பேரிடர் ஒத்திகை நடைபெறுகிறது.

நமக்கும் இது பொருந்தும். “தாழ்வான பகுதிகளில் வசிப்போர் இடம்பெயருமாறு அறிவுறுத்தப்படுகின்றனர்” என்பதைக் காட்டிலும், “வெள்ளம் வருகிறது. இப்போதே பள்ளிக்கூடத்துக்குப் போங்கள்” என்பதே நம் தெருவில் கட்டட வேலை செய்யும் வட இந்தியத் தொழிலாளிக்கு விளங்கும். கையால் வழிகாட்டினால் இன்னும் நன்று.

கொட்டப்பட்டு, வாழவந்தான்கோட்டை முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழருக்கு மொழி தடையன்று. ஆயினும் ஆவணமின்றிக் கரையேறுவது எத்துணை இடர் என்பதை அவர்களுள் பலர் பட்டறிந்துள்ளனர். நோயாளிக்கும் அவ்வாறே. “காலையில் ஒரு வெள்ளை மாத்திரை” என்று மட்டும் ஒருவர் சொன்னால், அது இரத்த அழுத்தத்துக்கா, சர்க்கரைக்கா, இதயத்துக்கா என மருத்துவர்களாகிய எங்களால் உறுதிசெய்ய இயலாது. எனவே மழைக்காலத்துக்கு முன்பே பின்வருவனவற்றைச் செய்து வையுங்கள்:

• ஏழு நாள் மருந்து, மருந்துச் சீட்டின் நகல், ஒவ்வாத மருந்துகளின் பெயர் ஆகியவற்றை நீர்புகாத உறையிலிட்டு வாசலருகே வையுங்கள். சீட்டைக் கைப்பேசியிலும் படமெடுத்துக்கொள்ளுங்கள்.

• மின்சாரம் நின்றால், ஈரமணல் நிரப்பிய பெரிய பானைக்குள் சிறு மண்கலயத்தைப் பதித்து அதில் இன்சுலினை வைக்கலாம். பனிக்கட்டி மீது நேரடியாக வைக்கலாகாது. உறைந்த இன்சுலின் பயன்படாது.

• டயாலிசிஸ் செய்துகொள்வோர், வெள்ள எச்சரிக்கை வந்தவுடன் தம் சிகிச்சைப் பிரிவைத் தொடர்புகொண்டு முன்கூட்டியே செய்துகொள்ள இயலுமா எனக் கேட்க வேண்டும். ஒரு முறை தவறினால் நீரின் அளவைக் குறையுங்கள். இளநீரும் வாழைப்பழமும் வேண்டா.

• ஆம்புலன்சுக்கு 108. மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறைக்கு 1077.

இறுதியாக ஒரு வேண்டுகோள். அண்டை வீட்டில் வேற்றுமொழியாளர் இருந்தால், இவ்விரு எண்களையும் மேட்டுக்குச் செல்லும் வழியையும் இவ்வாரமே சொல்லிக்கொடுங்கள். பிறகு அவரையே திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். மருந்துமுறை நோயாளிக்கு விளங்கியதா என அறிய நாங்கள் கையாளும் வழியும் அதுவே. தலையசைப்பை மட்டும் நம்பி நாங்கள் எவரையும் வீட்டுக்கு அனுப்புவதில்லை.