புறாவும் மொடெமும்

நெடுந்தீவு மருத்துவமனைக்கு அண்மையில் முருகைக்கல்லாற் கட்டப்பெற்ற பழைய புறாக்கூடு ஒன்று உளது. ஐரோப்பியர் ஆட்சிக் காலத்தில் யாழ்ப்பாணத்துக்குச் செய்தி அனுப்புதற்பொருட்டு அங்கே புறாக்கள் வளர்க்கப்பட்டன என்பது தீவு மக்களிடையே வழங்கிவரும் செய்தியாகும். கடல் சூழ்ந்த நிலத்தார்க்குச் செய்தி கொண்டேகும் கருவி இன்றியமையாதது. அக்கருவியின் இயல்பைக் கையாள்வோன் அறிந்திருத்தல் அதனினும் இன்றியமையாதது. இவ்வுண்மையை மொடெம் என்னும் கருவியின் வரலாறு கொண்டு ஆராய்வாம்.

கணினியின் மொழி ஒன்று, சுழியம் என்னும் இரண்டு இலக்கங்களால் ஆயது. தொலைபேசிக் கம்பியோ மனிதர் குரலுக்கென அமைந்தது. செக்கனுக்கு ஏறத்தாழ 300 முதல் 3400 வரையான அதிர்வுகளையே ஏற்பது. ஆதலின், இலக்கங்களை ஒலியாக்கி அனுப்பவும், வரும் ஒலியை மீட்டும் இலக்கமாக்கவும் ஓர் இடையாள் வேண்டப்பட்டது. அவ்விடையாளே மொடெம். 1998ஆம் ஆண்டின் வி.90 நியமப்படி செக்கனுக்கு 56,000 இலக்கங்கள் வரை பெறல் கூடுமாயிற்று.

கணினிக்குப் புறத்தே வைக்கப்பட்ட பழைய மொடெம்கள் இம்மாற்றத்தைத் தாமே செய்தன. 1981இல் ஹேய்ஸ் நிறுவனம் வகுத்த, ‘ஏ.ரி.’ என்னும் எழுத்துக்களால் தொடங்கும் கட்டளைகளை அவை ஏற்றன. அக்கட்டளைகள் யாவரும் அறிந்தவை. ஆதலால், 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடக்கிய லினக்ஸ் முறைமையிலும் அவை தடையின்றி இயங்கின.

மடிக்கணினியிலோ நிலைமை வேறாயிற்று. விலையையும் இடத்தையும் குறைக்கக் கருதிய உற்பத்தியாளர், ஒலிமாற்றும் வேலையைக் கருவியினின்றும் நீக்கி, விண்டோஸ் முறைமைக்கென எழுதிய செய்நிரலொன்றில் வைத்தனர். அச்செய்நிரலின் மூலம் வெளியிடப்படவில்லை. ஆகவே, விலையின்றிக் கிடைத்த லினக்ஸை நாடிய மாணவனுக்குத் தன் கணினியுள்ளே கிடந்த மொடெம் ஊமையாயிற்று.

இதனைப் பேசுவிக்க முதற்கண் உள்ளிருக்கும் சில்லு யாருடையது என்று அறிதல் வேண்டும். லூசென்ற், ஸ்மார்ட் லிங்க், கொனெக்ஸன்ற் ஆகிய சில்லுகளுக்கு வெவ்வேறு இயக்கிகள் இருந்தன. பின்னர், அவ்வியக்கியை லினக்ஸ் கருவகத்தின் பதிப்புக்குப் பொருந்த அமைத்தல் வேண்டும். பதிப்பு மாறின் மீட்டும் அமைத்தல் வேண்டும். தொலைபேசியின் அழைப்பொலியை மொடெம் உணராதவிடத்து, அதற்குக் காத்திராது எண்ணைச் சுழற்றுமாறு ‘ஏ.ரி.எக்ஸ்.3’ என்னும் கட்டளை இடப்பட்டது. இணைப்பு ஏற்பட்ட பின், பி.பி.பி. என்னும் நெறிமுறை பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் ஒப்புவித்துக் கணினிக்கு இணைய முகவரி பெற்றுத் தந்தது. இயக்கி கிடையாதோர்க்குப் புறமொடெமே புகலிடம்.

இதற்கு மறுதலையான நிகழ்ச்சியொன்றும் உண்டு. இணையச் செய்தியைத் தாளில் அச்சிட்டுப் பறவையின் காலிற் கட்டி அனுப்பும் முறையொன்றை 1990ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளில் டேவிட் வெயிற்ஸ்மன் என்பார் நகையாக வகுத்தார். 2001இல் நோர்வே நாட்டுப் பேர்கன் நகர லினக்ஸ் பயனர் குழுவினர் அதனை மெய்யாகவே செய்து பார்த்தனர். புறாக்கள்வழி அனுப்பிய 9 செய்திகளுள் 4க்கு மறுமொழி வந்தது. ஒன்று வர ஒரு மணி நேரத்துக்கு மேலும் சென்றதாயினும், இணைப்பு இணைப்பே.

இன்றைய மடிக்கணினிகளில் மொடெம் இல்லை. ஆயினும் கம்பியில்லா இணைப்புக்குரிய சில்லுகள் சிலவற்றில் இதே இடர் எழுவதுண்டு. விதி வெளிப்படையாயின் புறாவும் இணையத்தைச் சுமக்கும். மறைக்கப்படின் மடியிலுள்ள கருவியும் வாய் திறவாது. கருவியை வாங்குவோர் விலையோடு இதனையும் நோக்குதல் கடனாகும்.