கரு தங்காத வீடுகள்: அன்றும் இன்றும்

தஞ்சை, நாகைப் பக்கம் எழுபது வயது தாண்டிய குப்புசாமிகளையும் பிச்சையம்மாள்களையும் விசாரித்தால், பலருக்குப் பின்னால் ஒரே கதைதான் இருக்கும். அவர்களுக்கு முன்னால் வந்தவை வயிற்றில் தங்கவில்லை, அல்லது பிறந்தும் நிலைக்கவில்லை. அதனால் அடுத்துப் பிறந்ததைக் குப்பைமேட்டில் போட்டு எடுத்து, அக்கம்பக்கத்தில் ஒருத்தியிடம் கொடுத்து, தவிட்டுக்குத் திரும்ப வாங்கினார்கள். யாருக்கும் ஆசை வராத பெயராகப் பார்த்து வைத்தார்கள். எமனை ஏமாற்ற அந்தத் தாய்மாருக்குத் தெரிந்த வழி அது.

நாள் தள்ளிப்போய் ஐம்பதாம் நாள் உதிரம் பட்டால், அது கணக்கிலேயே வராது. மாமியார் ஊகித்திருப்பார். கணவன் காதுக்குப் போயிருக்காது. நாலாம் மாதம், ஐந்தாம் மாதம் போனவைதான் கணக்கு. காரணத்துக்கும் பஞ்சமில்லை: பப்பாளி தின்றாள், எள்ளுருண்டை தின்றாள், உச்சிவேளையில் புளியமரத்தடியில் நடந்தாள், ஜாதகத்தில் நாகதோஷம். எந்தக் காரணமும் அவளைத் தாண்டிப் போகாது. மூன்றாவதும் போய்விட்டால், அவள் தங்கையையே இரண்டாந்தாரமாகக் கட்டிவைக்கும் பேச்சு கிளம்பும்.

திருக்கருகாவூருக்கு நடந்தோ வண்டி கட்டியோ போனார்கள். கலைந்த கருவைக் குடத்தில் வைத்துக் காத்தவள் கர்ப்பரட்சாம்பிகை என்கிறது தலபுராணம். அதிலும் சாபம் விழுவது பெண்மேல்தான்: களைத்துக் கிடந்த கர்ப்பிணி, வாசலில் வந்த முனிவரைக் கவனிக்கவில்லையாம். கரு உண்டாக நெய்யும் சுகப்பிரசவத்துக்கு விளக்கெண்ணெயும் வாங்க இன்றைக்கும் அங்கே கூட்டம்தான். கையில் ஸ்கேன் ஃபைலோடு வருகிறார்கள், அவ்வளவே வித்தியாசம்.

அன்றைக்கு மருத்துவம் அடியோடு இல்லை என்று சொல்ல முடியாது. வலியே இல்லாமல் கர்ப்பப்பை வாய் திறந்து, ஐந்தாம் மாதத்தில் குழந்தை நழுவுவதைத் தடுக்கும் தையலை 1955-இல் உலகுக்கு அறிவித்தவர் பம்பாய் மருத்துவர் வி. என். ஷிரோட்கர். இன்றும் உலகமெங்கும் அந்தத் தையலுக்கு அவர் பெயர்தான். ஆனால் பெரிய நகரத்து ஆஸ்பத்திரியை எட்ட முடிந்தவர்களுக்குத்தானே அது கிடைத்திருக்கும்?

இன்று நாள் தள்ளிய வாரமே மருந்துக்கடை அட்டையில் இரண்டு கோடு தெரிந்துவிடுகிறது. ஆறு, ஏழாவது வாரத்தில் துடிப்பைத் திரையில் பார்த்துவிடுகிறார்கள். வாட்ஸ்அப்பில் அம்மாவுக்குப் படம் போகிறது. இரண்டு வாரம் கழித்து, “ஹார்ட் பீட் இல்லம்மா, கிளீன் பண்ணணும்” என்கிறார் டாக்டர். பாட்டிக்கு வெறும் தள்ளிப்போன தீட்டாக இருந்தது பேத்திக்குப் பிள்ளைச் சாவு. தொழில்நுட்பம் துக்கத்தின் தேதியை முன்னால் இழுத்துவிட்டது. இதை யாரும் சரியாக யோசித்ததாகத் தெரியவில்லை.

மூன்று முறை போனால்தான் பரிசோதனை என்றிருந்த விதியும் தளர்ந்துவிட்டது. ஐரோப்பிய, அமெரிக்க வழிகாட்டிகள் இரண்டு இழப்புக்கே காரணம் தேடச் சொல்கின்றன. முதல் மூன்று மாதங்களில் கலையும் கருக்களில் ஏறத்தாழப் பாதிக்குக் குரோமோசோம் கோளாறுதான் காரணம். பப்பாளிக்கோ ஸ்கூட்டர் பயணத்துக்கோ அதில் வேலை இல்லை. தொடர்ந்து கலையும் தம்பதிகளில் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து ஜோடிகளில், இருவரில் ஒருவரிடம் குரோமோசோம் இடம்மாறி இருக்கும். அந்த ஒருவர் கணவனாகவும் இருக்கலாம். அவனும் கையை நீட்டி ரத்தம் கொடுக்கவேண்டி வந்ததே, இந்த ஐம்பது வருடத்தில் நடந்த பெரிய மாற்றம் என்பேன்.

இன்னொரு காரணம், ரத்தம் உறையவைக்கும் ஆன்டிபாஸ்போலிபிட் எதிர்ப்புப் பொருள். குறைந்தது பன்னிரண்டு வார இடைவெளியில் இரண்டு முறை சோதித்து உறுதிசெய்ய வேண்டும். 1997-இல் வெளியான லண்டன் ஆய்வில், ஆஸ்பிரின் மட்டும் எடுத்தவர்களில் நூற்றுக்கு 42 பேருக்குக் குழந்தை பிறந்தது. ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரின் ஊசியும் சேர்த்தவர்களில் 71 பேருக்கு. தொப்புளைச் சுற்றி நீலம் பாரித்த வயிற்றில், தினமும் இடம் மாற்றி, கணவனே ஊசி போடும் வீடுகள் இன்று நம் ஊர்களிலும் உண்டு.

ஆனால் தொடர்ந்து கலைபவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு எல்லா ரிப்போர்ட்டும் ‘நார்மல்’ என்றே வரும். தோஷம் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது மருந்துச்சீட்டு உட்காருகிறது. எதற்கும் இருக்கட்டும் என்று ஹெபாரின், வாராவாரம் ஹார்மோன் ஊசி, கணவனின் வெள்ளணுக்களை மனைவிக்கு ஏற்றுவது. வெள்ளணுச் சிகிச்சையால் பயனில்லை, கெடுதலும் நேரலாம் என்று 1999-லேயே ஆய்வு வந்துவிட்டது. கருச்சிதைவைத் தடுப்பதாக மேலைநாடுகளில் கொடுத்த டி.இ.எஸ். மாத்திரை பயனற்றது என்று 1953-இல் தெரிந்தது. அப்படியும் கொடுத்தார்கள். 1971-இல், அதை உண்ட தாய்மாரின் மகள்களுக்கு அபூர்வமான புற்றுநோய் வந்திருப்பது தெரிந்தது.

காரணம் தெரியாதவர்களுக்கு 2015-இல் வெளியான ஆய்வு ஒரு நல்ல செய்தி சொன்னது. புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் எடுத்தவர்களில் 66 சதவீதம் பேருக்குக் குழந்தை பிறந்தது. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 63 சதவீதம். மருந்து தோற்றது என்று இதைப் படிக்கலாம். சும்மா இருந்தாலும் மூவரில் இருவருக்குப் பிள்ளை உண்டு என்றும் படிக்கலாம். (முன்பே கலைந்தவருக்கு மறுபடி கர்ப்பத்தில் ரத்தக்கசிவு கண்டால் அதே மருந்து உதவுகிறது என்று 2019-இல் இன்னோர் ஆய்வு காட்டியது, அது வேறு கணக்கு.) இந்த மூவரில் இருவர் என்பதை ஐந்து நிமிடம் உட்காரவைத்துச் சொல்லும் மருத்துவர் கிடைப்பதுதான் அரிது. ஊசி எழுத அரை நிமிடம் போதுமே.

மாறாதவையும் உண்டு. வளைகாப்பில் கரு கலைந்தவளைக் கண்டும் காணாமல் தாண்டிப்போகும் சந்தனக் கிண்ணம் அப்படியே இருக்கிறது. “அடுத்தது நல்லபடியா நிக்கும்” என்று சொல்லிவிட்டு அப்பேச்சையே மூடுவதும் அப்படியே.

ஒன்று மட்டும் அன்றே வந்துவிட்டது. 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம், கரு கலைந்தவளுக்குச் சம்பளத்தோடு ஆறு வார விடுப்பு தந்தது. 2020-இல் இயற்றிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அது தொடர்கிறது. அந்த விடுப்பைக் கேட்டால் விஷயம் அலுவலகம் முழுக்கத் தெரிந்துவிடும் என்று, காய்ச்சல் என எழுதிக்கொடுத்து, வியாழன் கிளீன் செய்துகொண்டு திங்களன்று வேலைக்கு வந்துவிடுகிறார்கள்.