சிகிச்சைப் பணத்தைக் குறிவைக்கும் இணையக் குற்றங்கள்

இணையம், கைப்பேசி ஆகியவற்றின் வழியே ஏமாற்றிப் பணத்தையோ தகவல்களையோ பறிப்பது இணையக் குற்றமாகும். நோயாளியின் நிலை குறித்த பதற்றத்தில் இருக்கும் குடும்பத்தினர் இதற்கு எளிதில் இரையாகின்றனர்.

இணையத்தில் தேடிக் கிடைத்த போலி எண்ணை மருத்துவமனையின் எண்ணென நம்பி, ‘முன்பதிவுக் கட்டணம் 10 ரூபாய்’ என வரும் இணைப்பைத் திறப்போர், சிகிச்சைக்கெனச் சேர்த்த தொகையையே இழக்க நேரிடலாம். ‘காப்பீட்டுத் தொகை வந்துள்ளது, ரகசிய எண்ணை இடுங்கள்’ என்பதும் மோசடியே. பணம் பெறுவதற்கு யுபிஐ ரகசிய எண் தேவையில்லை. காணொலி அழைப்பில் மிரட்டும் ‘டிஜிட்டல் கைது’ என்பது நம் சட்டத்திலேயே இல்லை.

மருத்துவமனை எண்ணை உங்கள் நோயாளர் அட்டையில் பார்த்து அழையுங்கள். ஓடிபியை எவரிடமும் கூறாதீர்கள். ஏமாந்துவிட்டால் வெட்கத்தால் மறைக்க வேண்டா. மாரடைப்பைப் போலவே இதிலும் தொடக்க நேரமே பொன்னானது. உடனே 1930 என்ற எண்ணை அழைத்தால், பணம் கைமாறுமுன் அதை முடக்க வாய்ப்புண்டு.