நக்கீரர் கதையும் திறனாய்வு நேர்மையும்

முன்னுரை

படைப்பின் குறையை எடுத்துரைத்தலும், அதனை ஏற்றலும் மறுத்தலும் தமிழ் மரபில் பழமை வாய்ந்தவை. தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசானுக்கு ஐயமற எடுத்துரைக்கப்பட்ட செய்தியை அதன் சிறப்புப்பாயிரம் தெரிவிக்கின்றது. நன்னூல் கூறும் எழுவகை மதங்களுள் பிறர் நூற்குற்றம் காட்டலும் ஒன்று. எனவே, குற்றம் காட்டல் நம் முன்னோரால் பகைமைச் செயலாகக் கருதப்படவில்லை என்பது தெளிவு. அதனைச் செய்வோர்க்கும் ஏற்போர்க்கும் உரிய கடமைகளை நக்கீரர் கதையின்வழி ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கதையின் பரவல்

குறுந்தொகையின் 2ஆம் பாடல் இறையனார் பெயரில் அமைந்துள்ளது. இறைவன் புலவனாய்ச் சங்கமேறித் தருமிக்குப் பொற்கிழி அளித்த செய்தியை 7ஆம் நூற்றாண்டினரான திருநாவுக்கரசர் குறிப்பிடுகின்றார். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம் இதனை விரித்துரைக்கின்றது. 1965இல் வெளிவந்த ‘திருவிளையாடல்’ திரைப்படம் இக்கதையை மக்களிடையே பெரிதும் பரப்பியது.

கதையின் இறுதிப் பகுதி திருக்காளத்தியோடு தொடர்புடையது. 2022 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர் இன்று திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. 16ஆம் நூற்றாண்டுத் தெலுங்குக் கவிஞர் தூர்ஜடியும் தம் காளத்தி மான்மியத்தில் நக்கீரர் கதையைப் பாடியுள்ளார். ஆகவே, இருமொழியினரும் போற்றிய கதை இது எனலாம்.

குறை கூறுவோர் கடன்

பெண்களின் கூந்தலுக்கு இயற்கை மணம் உண்டு என்னும் கருத்தே வழக்கிற்குரியதாயிற்று. பாடலில் சொற்குற்றம் இல்லை, பொருட்குற்றமே உண்டு என்றார் நக்கீரர். குற்றத்தின் வகையையும் இடத்தையும் வரையறுத்துக் கூறியமை இங்குக் கருதத்தக்கது. பாடலைக் கொணர்ந்தவரின் வறுமையையோ இயற்றியவரின் பெருமையையோ அவர் அளவுகோலாகக் கொள்ளவில்லை.

அப்பாடலின் உள்ளடக்கமும் நோக்கத்தக்கது. தலைவன் வண்டை விளித்து, தன் விருப்பத்திற்கு இசையக் கூறாமல் அது கண்டறிந்ததையே கூறுமாறு வேண்டுகின்றான். திறனாய்வாளனிடம் படைப்பாளன் வேண்டத்தக்கதும் இதுவே அன்றோ? நக்கீரர் அவ்வேண்டுகோளை அவையில் நிறைவேற்றினார்.

எனினும், நேர்மை ஒன்றே திறனாய்வுக்குப் போதாது. இப்பாடல் தலைவியின் நலம் பாராட்டும் அகப்பாடல். காதல்வயப்பட்ட தலைவன் கூற்று. அதனை உலகியல் உண்மையுரைக்கும் நூலுக்குரிய அளவுகோலால் அளந்தமை ஆய்வுக்குரியது. நேர்மையாளரும் பொருந்தா அளவுகோலைக் கையாளுதல் கூடும். ஆதலின், ஒரு படைப்பு எவ்வகையினது, யாது செய்ய முயல்கின்றது என்பதை அறிந்தபின் குறை கூறுதலே முறையாகும்.

ஏற்போர் கடன்

தருமி பிறர் பாடலைத் தம்முடையது போலக் கொணர்ந்தவர். ஆதலின், எழுப்பப்பட்ட வினாவிற்கு அவரால் விடை கூற இயலவில்லை. தன் படைப்பின் ஒவ்வொரு சொல்லுக்கும் பொறுப்பேற்கவல்லவனே குறையை ஏற்கவோ மறுக்கவோ தகுதியுடையவன் என்பது இதனால் பெறப்படும்.

இறைவனிடம் அகமரபைச் சான்றாகக் காட்டும் விடை இருந்திருக்கலாம். ஆனால், கதையில் இறுதியாக வெளிப்பட்டது நெற்றிக்கண். வெம்மையால் நக்கீரர் பொற்றாமரைக் குளத்தில் வீழ்ந்தார். ஆயினும் அவர் வினா வீழவில்லை. ஆற்றலால் வாயடைத்தல் மறுப்பாகாது என்பதைத் தமிழுலகம் இன்றும் அவரை நினைவுகூர்வதே உணர்த்தும்.

குற்றம் கூறியவர் பின்னர்த் தாமே பாடும் நிலையை அடைந்தார். கயிலையையும் காளத்தியையும் மாறிமாறிப் பாடும் நூறு வெண்பாக்களாலாகிய ‘கயிலைபாதி காளத்திபாதி அந்தாதி’ அவருடையதாகப் புராணம் கூறும். பதினோராந் திருமுறையில் உள்ள இந்நூலின் ஆசிரியரான நக்கீரதேவ நாயனார், சங்கப் புலவரின் வேறானவர் என்பது ஆய்வாளர் கருத்து. வரலாறு எவ்வாறாயினும் கதையின் குறிப்பு தெளிவானது: குறை காண்போன் படைக்கும் அருமையையும் அறிந்திருத்தல் வேண்டும்.

செவியேற்கும் திறன்

இறையனார் களவியல் உரை மற்றொரு நிகழ்ச்சியைக் கூறுகின்றது. அந்நூலுக்குப் புலவர் பலர் கண்ட உரைகளுள் சிறந்ததைத் தேர்ந்தவன் உருத்திரசன்மன் என்னும் ஐந்து வயது ஊமைச் சிறுவன். மருதனிளநாகனார் உரையைக் கேட்டபோது சிற்சில இடங்களில் மெய்ம்மயிர் சிலிர்த்தான்; நக்கீரர் உரைக்குச் சொல்தோறும் கண்ணீர் வார்ந்தான். புகழ்மொழியோ பழிமொழியோ கூற இயலாதவனே நடுவனாக அமர்த்தப்பட்டமை, கேட்டலே திறனாய்வின் முதற்படி என்பதை உணர்த்துகின்றது.

முடிவுரை

இன்று நூல் வெளியீட்டு மேடைகளில் புகழ்ச்சி மிகுந்தும், மேடைக்கு வெளியே புறங்கூறல் மிகுந்தும் காணப்படுகின்றன. இவ்விரண்டாலும் படைப்பாளன் பெறும் பயன் ஏதுமில்லை. முழுமையாகக் கேட்டல், குற்றத்தின் இடத்தைச் சுட்டல், படைப்பின் வகைக்கு ஏற்ற அளவுகோலைக் கொள்ளல் ஆகியவை குறை கூறுவோர் கடன். தன் சொல்லுக்குப் பொறுப்பேற்றல், காரணத்தைக் காரணத்தால் எதிர்கொள்ளல் ஆகியவை ஏற்போர் கடன். இவ்விரு கடன்களும் ஒருங்கே நிறைவேறும் அவையில் குற்றம் காட்டல் படைப்பிற்கு ஆக்கம் தரும் எனத் துணியலாம்.