பாதி வாடகை, பாதி மின்கட்டணம்: பாக்கியை வாங்குவது எப்படி?

திருகோணமலைத் துறைமுகப் பகுதியில் தொழிலுக்காக வந்து, வீடு பகிர்ந்து தங்கும் நம்மவர் அநேகர். மின்கட்டணமும் தண்ணீர்க் கட்டணமும் ஒருவர் பெயரிலேயே வரும். பங்காளி காசு கொடுக்காமல் வீட்டை விட்டுப் போனால் முழுப் பாக்கியும் பெயர்க்காரர் தலையில்தான்.

எனக்கும் அப்படி நேர்ந்தது. நான் சண்டைக்குப் போகவில்லை. சிட்டைகளைச் சேர்த்து, மாதவாரியாகக் கணக்கெழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பதில் இல்லை. மத்தியஸ்த சபைக்குப் போனேன். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த சபை இது. சிறு தொகைக் கடன் பிணக்குகள் நீதிமன்றம் போகுமுன் இங்கே வரவேண்டும். சட்டத்தரணிகள் ஆஜராக முடியாது, செலவும் சொற்பம். கணக்கைக் கண்டதும் அவர் தவணையில் தர இணங்கினார். இணங்காவிட்டால் சபையின் சான்றிதழோடு வழக்குப் போடலாம்.

காலத்தையும் கவனியுங்கள். 1871ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டப்படி வாய்ப்பேச்சு உடன்படிக்கைக்கு 3 வருடம், எழுத்திலுள்ளதற்கு 6 வருடமே வழக்கிட அவகாசம்.

கடனை எழுதிக்கொள்ளும்படி சூரத்துல் பகராவின் 282ஆவது வசனம் பணிக்கிறது. கடைக் கொப்பியில் கடன் எழுதும் நாம், வீட்டுக் கணக்கையும் எழுதிக் கையொப்பம் வாங்கிக்கொள்வோம். கூட்டாளியிடம் கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை.